விறாந்தையில் விரித்த பெட்டிகள்

முதலாம் நாள்: புகையிரதத்தில்

கொழும்பு கோட்டையிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். வவுனியாவைத் தாண்டியபோதே வெளியே மண்ணின் நிறம் மாறத் தொடங்கியது. ஆனையிறவில் உப்புக் காற்று யன்னலால் உள்ளே வந்தபோது, மேலே தட்டில் வைத்திருந்த பையை இறக்கி, உள்ளே இருந்தவை ஈரமாகவில்லை என்பதை ஒருமுறை தொட்டு உறுதிசெய்துகொண்டேன். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவுக்குக் கொடியேறிப் பதினாறாம் நாள் என்பதால் வண்டி முழுவதும் ஊருக்குப் போகும் சனம். தம்பியினதும் என்னுடையதுமான பைகளில் உடுப்புக் குறைவு, விளையாட்டுப் பெட்டிகள் அதிகம்.

நாங்கள் இருவரும் எட்டு வருடங்களாக நவீன பலகை விளையாட்டுகளை ஆடியும் மதிப்பிட்டும் வருகிறோம். வெள்ளவத்தையில் மாதம் இருமுறை ஆறேழு பேர் கூடுவோம். ஆட்டம் முடிந்ததும் நான் கொப்பியில் எழுதுவேன். ஒரு விளையாட்டைக் குறைந்தது மூன்று தடவை ஆடாமல் புள்ளி போடுவதில்லை என்பது எங்கள் ஒழுங்கு. விதிகளைச் சொல்லிக் கொடுக்க எத்தனை நிமிடம் பிடித்தது, புதிதாக ஆடுபவர் மூன்றாவது முறை தன் கையால் காய் நகர்த்தும்போது தானே யோசித்து நகர்த்துகிறாரா, தன் முறை வராதவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரா அல்லது தொலைபேசியை எடுத்துவிட்டாரா, முடிந்ததும் யாராவது "இன்னொருக்கா" என்று கேட்டார்களா என்ற நான்கையும் குறித்த பின்னரே பத்துக்கு இத்தனை என்று எழுதுவேன். அதோடு, உலகெங்கும் பலகை விளையாட்டுக்காரர் வழங்கும் 'எடை' என்ற அளவும் உண்டு. விளையாட்டு எவ்வளவு சிக்கலானது என்பதை அது ஒன்றிலிருந்து ஐந்து வரை சொல்லும்.

இந்தப் புள்ளிகள் மேல் எனக்குச் சில மாதங்களாக ஒரு ஐயம் இருந்துவருகிறது. எங்கள் மேசையில் இருப்பவர் எல்லாரும் ஒரே மாதிரியானவர்கள். ஆங்கில விதிப்புத்தகத்தைச் சரளமாக வாசிப்பவர்கள், ஒரு விளையாட்டைக் கற்றால் அதன் இனத்தைச் சேர்ந்த பத்தைப் பாதி கற்றவர்கள். நாங்கள் போடும் புள்ளி விளையாட்டைப் பற்றியதா, எங்களைப் பற்றியதா? கொக்குவிலில் பெரியப்பா வீட்டில் ஒரு கிழமை தங்கி, பெரியப்பா, பெரியம்மா, தமிழ் ஆசிரியையான அக்கா, ரொறன்ரோவிலிருந்து திருவிழாவுக்கு வந்திருக்கும் அண்ணாவின் பன்னிரண்டு வயது மகளான என் மருமகள் ஆகியோரோடு இதே பெட்டிகளைத் திறந்து பார்ப்பதென்று தீர்மானித்தது அதனால்தான். ஒவ்வொரு நாளும் இரவில் எழுதி இடுவேன்.

வழியில் ஹனாபி இரண்டு தடவை ஆடினோம். ஐம்பது சீட்டுகள், ஐந்து நிறங்கள். தன் கையில் இருப்பது தனக்குத் தெரியாமல், எதிரில் இருப்பவருக்கு மட்டும் தெரியும்படி சீட்டுகளைப் பிடிக்க வேண்டும். எதிர் இருக்கையில் இருந்த அம்மா கொடிகாமம் வரும்வரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்டார்: "ஏன் பிள்ளை காட்ஸை மாறிப் பிடிச்சிருக்கிறியள்?" விளக்கிச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப உங்கட தம்பியை நீங்கள் நம்ப வேணும்" என்றார். ஹனாபியின் விதிப்புத்தகத்தில் அந்த வரி இல்லை, இருந்திருக்கலாம்.

இரண்டாம் நாள்: கட்டானும் பெரியம்மாவும்

திருவிழாக் காலத்தில் வீடு காலையிலும் மாலையிலும் கோயிலோடு ஓடும். ஆடக் கிடைக்கும் நேரம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின்னான மூன்று மணித்தியாலம். விறாந்தையில் பாய் விரித்து, அதன் மேல் படுக்கை விரிப்பை இழுத்துப் போட்டோம். வெறும் பாயில் அட்டை ஓடுகள் வழுக்கும் என்பது முதல் ஐந்து நிமிடத்திலேயே விளங்கியது.

கட்டான் 1995இல் வந்தது. அதை ஆக்கிய கிளாவுஸ் டொய்பர் அப்போது தொழிலால் பல் தொழில்நுட்பவியலாளர். அதே ஆண்டு ஜேர்மனியின் 'ஷ்பீல் டெஸ் யாரெஸ்', அதாவது ஆண்டின் விளையாட்டு என்னும் விருது அதற்குக் கிடைத்தது. இந்த விருது 1979 முதல் கொடுக்கப்பட்டு வருகிறது. யாரையும் நடுவில் வெளியேற்றாத, பெட்டியில் ஆக்கியவரின் பெயர் அச்சிட்ட, ஒரு பின்னேரத்துக்குள் முடியும் விளையாட்டு என்ற மரபு உலகம் முழுவதும் பரவியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. கட்டானில் பத்தொன்பது அறுகோண நிலத்துண்டுகளால் ஒரு தீவு அமையும். தாயக்கட்டை இரண்டை உருட்ட, விழும் எண்ணுக்குரிய நிலம் விளைச்சல் தரும். கிடைத்ததை மற்றவரோடு மாற்றி, வீதியும் வீடும் கட்டி, முதலில் பத்துப் புள்ளி எடுப்பவர் வெல்வார்.

மரம், செங்கல், ஆடு, நெல், கல் என்று பெயர் வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். கோதுமையை நெல்லாக்கியதும் பெரியம்மாவுக்கு எல்லாம் ஒழுங்காக வந்தது. ஏழு விழும் வாய்ப்பு முப்பத்தாறில் ஆறு, ஆறும் எட்டும் விழுவது முப்பத்தாறில் ஐவைந்து என்பதையெல்லாம் நான் விளக்கும் முன்பே, தாயம் ஆடிய கையோடு, "ரெண்டும் பன்ரண்டும் விழாது, அதிலை வீடு கட்டாதை" என்று பேத்திக்குச் சொல்லிவிட்டார். சுன்னாகம் சந்தையில் நாற்பது வருடம் பேரம் பேசியவர். கட்டானின் உயிரே பேரம்தான் என்பதால் அவர் எங்கள் எல்லாரையும் வென்றுவிடுவார் என்று எண்ணியிருந்தேன்.

நடந்தது வேறு. மருமகள் ஓர் ஆடு கேட்டாள். பெரியம்மா சீட்டை எடுத்து அவள் கையில் வைத்தார். மாற்றாக ஏதும் வாங்க வேண்டும், சும்மா கொடுப்பதை விதி தடுக்கிறது என்றேன். "பிள்ளை கேட்குது. ஒரு ஆட்டுக்கு அவளிட்டைக் கணக்குப் பாக்கிறதே?" என்று கேட்டார். சந்தையில் பேரம் அந்நியரோடு. வீட்டில் இனத்தாரோடு பேரம் என்பது அவருக்கு விளையாட்டாகக்கூட வரவில்லை. இரண்டாம் ஆட்டத்திலும் அப்படியே ஆனது. விதிக்கு இணங்கி ஓர் ஆட்டுக்கு ஒரு செங்கல் வாங்கினார், அடுத்த முறை அந்தச் செங்கல்லை வேறொன்றுக்குத் திருப்பிக் கொடுத்தார். மருமகள் வென்றாள்.

என் கொப்பியில் கட்டானுக்கு எட்டு இருந்தது. இன்று பக்கத்திலேயே 'மூன்று தலைமுறை வீட்டில் ஆறு' என்று எழுதினேன். அதன் பேரம் நட்புக்குள் இருக்கும் சிறு போட்டியை நம்பி நிற்கிறது. அது இல்லாத இடத்தில் எஞ்சுவது தாயக்கட்டை மட்டும்.

பிறகு பாண்டமிக். மட் லீக்கொக் ஆக்கி 2008இல் வந்தது. நோய்கள் பரவும் உலக வரைபடத்தில் எல்லாரும் ஒரே அணியாக நின்று மருந்து கண்டுபிடிக்க வேண்டும். நாற்பத்தெட்டு நகரங்களில் கொழும்பு இருக்கிறதா என்று மருமகள் தேடினாள். இல்லை, சென்னை இருக்கிறது. ஆட்டம் கெட்டது நோயாலல்ல. எல்லாச் சீட்டும் எல்லாருக்கும் தெரியும் கூட்டு விளையாட்டில் ஒருவரே அனைவருக்குமாக ஆடிவிடும் குறை உண்டென்பது எங்கும் பேசப்படுவது. எங்கள் கொழும்பு மேசையில் அப்படி ஒருவர் தொடங்கினால் மற்றவர் தடுப்பார். இங்கே பெரியப்பா "நீ டெல்கிக்குப் போ, அவள் அங்கேயே நிக்கட்டும்" என்றால் மறுத்துச் சொல்ல யாருக்கு வாய் வரும்? ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் வேறு. நாங்கள் வென்றோம். யாரும் "இன்னொருக்கா" என்று கேட்கவில்லை.

மூன்றாம் நாள்: காணியும் கோட்டையும்

கார்கசோனைச் சொல்லிக் கொடுப்பதில் எனக்கு எப்போதும் ஓர் இடத்தில் தயக்கம் வரும். 2000ஆம் ஆண்டு கிளாவுஸ்-யூர்கன் வ்ரேட ஆக்கியது. மறு ஆண்டு ஜேர்மனிய விருதைப் பெற்றது. எழுபத்திரண்டு சதுர ஓடுகள். ஒன்றை எடுத்து, ஏற்கனவே உள்ள நிலப்படத்தோடு பொருந்த வைத்து, விரும்பினால் அதில் ஒரு மரப்பொம்மையை நிறுத்தலாம். தெருவில் நிறுத்தினால் ஓட்டுக்கு ஒரு புள்ளி, முடிந்த நகரத்தில் இரண்டு, மடம் ஒன்று சுற்றிலும் நிறைந்தால் ஒன்பது. இதுவரை ஐந்து நிமிடம். தயக்கம் வருவது வயலில். வயலில் கிடத்திய பொம்மை ஆட்டம் முடியும்வரை எழும்பாது. இறுதியில் அந்த வயலைத் தொட்டு நிற்கும் முடிந்த நகரம் ஒவ்வொன்றுக்கும் மூன்று புள்ளி. எது ஒரே வயல், எது இரண்டு வயல் என்பதில்தான் கொழும்பில் படித்தவர்களே தடுமாறுவார்கள். முதல் இரண்டு ஆட்டத்துக்கு வயலை விட்டுவிட்டு ஆடுங்கள் என்று நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன்.

இன்று மத்தியானம் அதைச் சொல்லத் தொடங்கி, எப்படிச் சொல்வது என்று யோசித்து நின்றபோது, பெரியம்மா ஓடுகளைப் பார்த்துக் கேட்டார்: "இந்தத் தெரு வேலி மாதிரித்தானே?"

ஆம், வேலி. வேலி அடைக்காதவரை ஒரே காணி. தெருவோ நகர மதிலோ குறுக்கே வந்தால் இரண்டு காணி. ஒரே காணிக்குள் இரண்டு பேரின் ஆட்கள் இருந்தால், அதிக ஆள் வைத்திருப்பவருக்குக் காணி. கொக்குவிலில் வேலியைப் பற்றி யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஓர் அடி நிலத்துக்காக வேலிச் சண்டை பிடித்து, இருபது வருடம் முகம் பார்க்காத குடும்பங்களின் கதை எல்லா ஒழுங்கையிலும் உண்டு. இரண்டாம் ஓடு வைப்பதற்கு முன்னரே பெரியப்பா தன் ஆள் ஒன்றைப் புல்லில் கிடத்திவிட்டார். பெரியம்மா அதற்குப் பக்கத்தில், இன்னும் தொடாத ஒரு துண்டில் தன் ஆளைக் கிடத்தி, ஆறு ஓடு கழித்து நடுவில் இருந்த இடைவெளியை நிரப்பி இரண்டையும் ஒன்றாக்கினார். காணிக்குள் நுழையும் அந்த உத்தியை நாங்கள் கண்டுபிடிக்க எங்களுக்கு ஏழெட்டு ஆட்டம் பிடித்தது.

அந்தப் பொம்மைகளை மருமகள் மீப்பிள் என்றாள். ஆங்கிலம் பேசும் விளையாட்டுக்காரர் வைத்த பெயர் அது. பெரியம்மா "ஆக்கள்" என்றார். மாலைக்குள் மருமகளும் "என்ரை ஆக்கள்" என்று சொல்லத் தொடங்கினாள்.

பின்னேரம் தம்பியும் மருமகளும் நானும் கோட்டைக்குப் போனோம். போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, ஐந்து மூலைகளோடு திருத்தி எழுப்பிய கோட்டை. கொத்தளத்தின் மேல் ஏறினால் ஒரு பக்கம் பரவைக் கடல், பண்ணைப் பாலம். மறு பக்கம் நகரம். மதில் நகரம் கட்டும் விளையாட்டை மதிலின் மேல் ஆட வேண்டும் என்ற ஆசை என்னுடையது, பிழையும் என்னுடையது. சோளகம் வீசும் மாதம். முதல் இருபது ஓடுகள் வரை சேலைத் தலைப்பால் மறைத்துச் சமாளித்தோம். பிறகு ஒரு வீச்சு வந்தது. கையில் அடுக்கியிருந்தவற்றில் மேலே இருந்த ஓடு எழும்பி, மதிலின் விளிம்பில் ஒரு கணம் நின்று, அகழிப் பக்கம் போய்விட்டது. வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தோம்: எழுபத்தொன்று. போனது நேர்த்தெரு ஓடு. அதே வகையில் எட்டு உண்டு என்பதால் ஆட்டம் கெடாது. ஆனாலும் மூடியின் உட்புறத்தில் அதை எழுதி ஒட்டியிருக்கிறேன். இந்தப் பெட்டியைப் பின்னால் யார் வாங்கினாலும் தெரிந்திருக்க வேண்டும்.

நான்காம் நாள்: முந்நூற்று நாலுகாரர்

இந்தப் பயணத்தில் நான் எதிர்பார்த்து வந்தது இந்த நாளைத்தான்.

பெரியப்பா ஒவ்வொரு பின்னேரமும் நான்கு பேராக முந்நூற்று நாலு ஆடுவார். கூட ஆடுபவர்கள் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர், பக்கத்து வீட்டு ஐயா, சந்தியில் கடை வைத்திருக்கும் அண்ணை. வெளியூர் வாசகருக்காகச் சொல்கிறேன். முப்பத்திரண்டு சீட்டு, ஆளுக்கு எட்டு, எதிரெதிர் இருப்பவர் சோடி. ஜாக்குக்கு முப்பது, ஒன்பதுக்கு இருபது, ஆசுக்குப் பதினொன்று, பத்துக்குப் பத்து, ராசாவுக்கு மூன்று, ராணிக்கு இரண்டு. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரு சாதிக்கு, அதாவது ஒரே குறியுள்ள எட்டுச் சீட்டுக்கு, எழுபத்தாறு, நான்குக்கும் சேர்த்து முந்நூற்று நான்கு. மற்றச் சாதிகளை வெட்டும் துரும்பு எதுவென்று, ஏலம் எடுத்தவர் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைத்திருப்பார். மற்ற மூவரும் அதை அறியாமலே, இறங்கும் சீட்டுகளைக் கொண்டு ஊகித்தபடி ஆட வேண்டும். இஸ்கோப்பன், கிளாவர் என்று அவர்கள் சொல்லும் சாதிப் பெயர்கள் ஒல்லாந்தரிடமிருந்து வந்தவை. கோட்டையின் மதிலைக் காட்டிலும் அவை நாள்தோறும் புழக்கத்தில் இருக்கின்றன.

அவர்கள் முன் 'தி க்ரூ' பெட்டியை வைத்தேன். தோமஸ் ஸிங் ஆக்கி 2019இல் வெளிவந்த சீட்டு விளையாட்டு. நான்கு நிறங்களில் ஒன்றிலிருந்து ஒன்பது வரை முப்பத்தாறு சீட்டு. அவற்றுக்கு மேல் நான்கு ரொக்கட் சீட்டு, அவையே துரும்பு. கேட்ட நிறத்தை இறக்க வேண்டும், இல்லாதவர் வேறு எதையும் இறக்கலாம், பெரியது வெல்லும். இதுவரை புதுமை ஒன்றுமில்லை. புதுமை என்னவென்றால் எதிரி இல்லை. நால்வரும் ஒரே கப்பலில். இன்ன சீட்டை இன்னார் வெல்ல வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் வேலை வரும், எல்லாருடைய வேலையும் முடிந்தால்தான் பணி வெற்றி. வாய் திறந்து எதையும் சொல்லக் கூடாது. ஒரு பணிக்கு ஒருமுறை மட்டும், ஒரு சீட்டை முன்னால் வைத்து, அந்த நிறத்தில் என்னிடம் உள்ள பெரியது இது, சிறியது இது, அல்லது இது ஒன்றுதான் என்று ஒரு வில்லையால் காட்டலாம். இப்படி ஐம்பது பணிகள், போகப் போகக் கடினமாக.

2011 முதல் ஜேர்மனிய நடுவர் குழு அனுபவமுள்ள ஆட்டக்காரருக்கென்று 'கெனர்ஷ்பீல்' என்னும் தனி விருதைக் கொடுத்துவருகிறது. 2020இல் அந்த விருது தி க்ரூவுக்குக் கிடைத்தது. சாதாரணக் குடும்பத்துக்கு இது ஒரு படி கடினம் என்பது அந்தத் தீர்ப்பின் பொருள். எங்கள் கொழும்பு மேசையிலும் அப்படித்தான் இருந்தது. அங்கே முதலில் துரும்பு என்றால் என்ன என்பதையே விளக்க வேண்டியிருந்தது.

இங்கே விளக்கம் நான்கு நிமிடம். வில்லையைப் பற்றிச் சொன்னபோது மட்டும் தபாலதிபர் முகம் சுருங்கியது. "பிள்ளை, இது கள்ளமில்லையே?" என்றார். முந்நூற்று நாலில் சோடிக்குச் சைகை காட்டுவது பெரும் இழுக்கு. அது விதியே அனுமதித்த ஒரேயொரு சைகை என்று சொல்லிப் புத்தகத்தையும் காட்டிய பிறகுதான் ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்ட பிறகும் முதல் மூன்று பணிகளில் தன் வில்லையைத் தொடவே இல்லை.

தேநீர் வந்தது, பனங்கட்டியோடு. இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பனங்கட்டியைக் கடித்துவிட்டு அதே விரலால் சீட்டைத் தொட்டால், அடுத்த சீட்டு அதோடு ஒட்டிக்கொண்டு வரும். நான் எல்லாச் சீட்டுக்கும் உறை போட்டிருந்தேன். ஆனாலும் பெரியம்மா ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் ஒரு துவாயும் கொண்டுவந்து நடுவில் வைத்தார். நால்வரும் ஒவ்வொரு பணிக்கும் இடையில் விரல் நனைத்துத் துடைத்துவிட்டுத்தான் சீட்டைக் கலைத்தார்கள்.

அவர்கள் ஆடியதைப் பார்த்துக்கொண்டிருப்பது பெரிய மகிழ்ச்சி. ஐந்தாம் பணியில் ஒருவர் நோயாளி. அவர் ஒரு சுற்றையும் வெல்லக் கூடாது. எங்கள் கூட்டம் அதில் மூன்று தடவை தோற்றது. கடைக்கார அண்ணை நோயாளியானார். கையில் மஞ்சள் ஒன்பது. அதை அவர் எப்படிக் கழிக்கப் போகிறார் என்று நான் மூச்சை அடக்கிப் பார்த்தேன். பெரியப்பா தன் ஒரேயொரு நீலத்தை முதலிலேயே இறக்கிவிட்டு, பின்னர் பக்கத்து வீட்டு ஐயா நீலம் கேட்டபோது ரொக்கட்டால் வெட்டினார். நீலம் இல்லாத கடைக்கார அண்ணை அதே சுற்றில் அந்த மஞ்சள் ஒன்பதைப் பேசாமல் கழித்தார். ஒரு சொல் இல்லை, ஒரு பார்வை இல்லை. முடிந்ததும் தபாலதிபர் சொன்னார்: "மஞ்சள் ஒம்பது உம்மட்டைத்தான் எண்டு மூண்டாம் இறக்கத்திலையே தெரியும்." கவிழ்ந்து கிடக்கும் துரும்பை ஐம்பது வருடம் ஊகித்த மூளைகள் அவை.

எண்பது நிமிடத்தில் ஏழு பணிகள். எங்கள் கூட்டத்துக்கு அதற்கு இரண்டு பின்னேரங்கள் பிடித்தன. இன்னொன்றையும் கவனித்தேன். பாண்டமிக்கில் எல்லாருக்குமாக ஆடிய அதே பெரியப்பா இங்கே மற்றவர்களை நம்பிக் காத்திருந்தார், ஏனென்றால் அவர்களின் கை அவருக்குத் தெரியாது. மூத்தவர் சொல் மேலோங்கும் வீட்டில் கூட்டு விளையாட்டு ஒன்றை ஆட விரும்புவோருக்கு என் பரிந்துரை, மறைந்த கையுள்ளதைத் தேர்ந்தெடுங்கள் என்பதே.

என் கொப்பியில் தி க்ரூவின் எடை 5க்கு 2.5. இரவு அதை அடித்து, 1.5 என்று எழுதி, பிறகு அதையும் அடித்தேன். எடை பெட்டிக்குள் இல்லை. மேசைக்கு வருபவர் ஏற்கனவே எதைக் கையில் கொண்டுவருகிறார் என்பதைக் கழித்துவிட்டு மீதியாக நிற்பதுதான் எடை. வேலியைக் கொண்டுவந்தவருக்குக் கார்கசோன் பாரமில்லை. துரும்பைக் கொண்டுவந்தவருக்குத் தி க்ரூ பாரமில்லை. இனி எடை என்ற நிரலில் எண் எழுதப் போவதில்லை. இதைக் கற்க முன் என்ன தெரிந்திருந்தால் இலகு என்று எழுதப்போகிறேன்.

ஐந்தாம் நாள்: இருபத்தைந்து தமிழ்ச் சொற்கள்

நேற்று எழுதியதற்கு எதிர்ப்பக்கம் இன்று கிடைத்தது.

கோட்நேம்ஸ் செக் நாட்டவரான விளாடா ஹ்வாட்டில் ஆக்கி 2015இல் வந்தது. மறு ஆண்டு ஷ்பீல் டெஸ் யாரெஸ் விருதும் பெற்றது. யாரும் ஆடக்கூடிய இலகுவான விளையாட்டென்று பெயர் பெற்றது. ஐந்துக்கு ஐந்தாக இருபத்தைந்து சொற்களை விரித்து வைத்தால், முதலில் தொடங்கும் அணிக்கு ஒன்பது சொற்கள், மற்றதற்கு எட்டு, ஏழு யாருக்குமல்லாதவை, ஒன்று கொலையாளி. அதைத் தொட்ட அணி அக்கணமே தோற்கும். எந்தச் சொல் யாருடையது என்பது இரு தலைவர்களுக்கு மட்டும் தெரியும். தலைவர் ஒரு சொல்லும் ஓர் எண்ணும் சொல்வார். அணி ஊகிக்க வேண்டும்.

பெட்டியிலுள்ள சொற்கள் ஆங்கிலம். முந்தைய நாள் இரவு அக்கா பிறிஸ்டல் போட்டை வெட்டித் தன் கையெழுத்தில் நூற்றிருபது சொற்களை எழுதி வைத்திருந்தார். எழுதும்போதே விவாதம் தொடங்கிவிட்டது. ஒரு சொல் என்றால் எது? மேசையில் 'கடல்' இருக்கும்போது 'கடற்கரை' என்று குறிப்புச் சொல்லலாமா? புணர்ச்சியில் உருமாறினாலும் உள்ளே இருப்பது கடல்தான், ஆகவே கூடாது என்றார் அக்கா. 'பனங்கட்டி' ஒரு சொல்லா, இரண்டா? ஒரு பொருளுக்குப் பெயராகி ஒட்டி நிற்பதால் ஒன்று. 'பனை' மேசையில் இருந்தால் அதுவும் கூடாது. இந்த மூன்று தீர்ப்புகளையும் பெட்டியின் மூடியில் எழுதினோம். ஒரு மொழிக்கு ஒரு விளையாட்டைக் கொண்டுவருவது சொற்களை மாற்றி எழுதுவது மட்டுமல்ல என்பதை அந்த ஒரு மணித்தியாலம் எனக்கு நன்றாக உணர்த்தியது.

ஆடியபோது தமிழ் எவ்வளவு வளமான மைதானம் என்பது தெரிந்தது. ஆறு, கால், அரை, மாலை, படி, திங்கள் என்று இருபொருள் முப்பொருள் சொற்கள் வரிசையாகக் கிடந்தன. தம்பி "எண், மூன்று" என்றான். அக்காவும் மருமகளும் ஊகிக்க வேண்டும். ஆறு உடனே எடுக்கப்பட்டது. மருமகளுக்கு ஆறு என்றால் எண் மட்டும்தான், ஓடுகிற ஆறு அவளுக்கு நினைவில் இல்லை. பெரியம்மாவுக்கோ அது முதலில் நீர்தான். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லாத குடாநாட்டில் பிறந்தவருக்கு அப்படித் தோன்றியது எனக்கு வியப்பு. 'கால்' என்பதை அக்கா நாலிலொன்று என்று எடுத்தார். 'அரை'யில் மருமகள் நின்றுவிட்டாள். அவளுக்கு அது அம்மிக்குரிய சொல். அக்கா வாய் திறந்து உதவக்கூடிய இடம் அது, ஒரே அணி என்பதால். ஆனால் உதவாமல் காத்திருந்தார். மருமகள் விரலால் எழுத்தைத் தடவி, "அரைக் கிலோ!" என்று கத்தினாள்.

அடுத்த ஆட்டத்தில் அக்கா தலைவர். மேசையை நெடுநேரம் பார்த்திருந்துவிட்டுச் சொன்னார்: "போர்த்துக்கல், மூன்று."

நான் வரைபடத்தை நினைத்தேன், கப்பலை நினைத்தேன். 'கடல்' சீட்டை நோக்கிக் கை போனது. பெரியப்பா என் கையைப் பிடித்து நிறுத்தி, ஒவ்வொன்றாகக் காட்டினார்: கதிரை. சப்பாத்து. அலுமாரி. மூன்றும் போர்த்துக்கேயச் சொற்கள், வீட்டுக்குள் வந்து நானூறு வருடமாகக் குந்தியிருப்பவை. கோட்நேம்ஸை நான் நூறு தடவைக்கு மேல் ஆடியிருக்கிறேன். இதைவிட நல்ல குறிப்பைக் கேட்டதில்லை.

தோல்வியும் இருந்தது. தம்பி 'கொடி', 'மயில்' இரண்டையும் குறிவைத்து "நல்லூர், இரண்டு" என்றான். கொலையாளிச் சொல் 'தேர்'. கொழும்பில் அது ஒருவேளை தப்பியிருக்கும். கொடியேறி இருபதாம் நாள், கொக்குவிலில், நல்லூர் என்றதும் யாருடைய கை வேறெங்கு போகும்? பெரியம்மா நேரே தேரைத் தொட்டார்.

இலகுவான விளையாட்டென்று விருது பெற்ற இது தமிழில் இப்படி ஆழமாகிறது. பத்துக்கு ஒன்பது.

ஆறாம் நாள்: குறிகட்டுவான்

நயினாதீவுக்குப் போய் வந்தோம். வேலணை, புங்குடுதீவு வழியாகப் பஸ். குறிகட்டுவான் இறங்குதுறையில் திருவிழாக் கூட்டத்தால் படகுக்கு நீண்ட வரிசை. கோட்டையில் படித்த பாடத்தால் அட்டை ஓடு எதையும் கொண்டுபோகவில்லை. ஹனாபியை மட்டும் எடுத்துப் போய் வரிசையிலேயே நின்றபடி ஆடினோம். மேசையே வேண்டாத விளையாட்டு என்பது தனியாகக் குறிக்க வேண்டிய தகுதி.

இரவு பெரியம்மாவோடு அசூல் இரண்டு ஆட்டம். மிஹாயெல் கீஸ்லிங் ஆக்கியது, 2017. போர்த்துக்கேயரின் வண்ணச் சுவர் ஓடுகளைப் பார்த்து அமைத்தது. நூறு ஓடுகள், ஐந்து நிறத்தில் இருபது இருபதாக. ஒரு தட்டிலிருந்து ஒரே நிறம் முழுவதையும் எடுக்க வேண்டும், வைக்க இடமில்லாமல் மிஞ்சுபவை தண்டனைப் புள்ளியாகும். பெரியம்மா விதியைக் கேட்பதற்கு முன்பு பையிலிருந்து ஒரு பிடி ஓடுகளை அள்ளி, கொக்கான் கல்லை எடை பார்ப்பதுபோல் உள்ளங்கையில் இரண்டு தரம் குலுக்கிப் பார்த்தார். "நல்ல பாரம்" என்றார். நான் உதிரிகளின் தரத்தைப் பற்றி இதுவரை எழுதிய பந்திகள் எல்லாவற்றிலும் அந்தக் குலுக்கல் இல்லை. இனிச் சேர்ப்பேன். அவர் இரண்டு ஆட்டமும் வென்றார்.

ஏழாம் நாள்: புறப்பாடு

நாளைய மறுநாள் தேர். அதற்கு முன் எங்களுக்கு விடுமுறை முடிகிறது. கட்டானையும் பாண்டமிக்கையும் பைக்குள் வைத்தேன். அக்காவின் நூற்றிருபது சொற்கள் அவருடைய பாடசாலைக்குப் போகின்றன; இன்னும் எண்பது எழுதப் போவதாகச் சொன்னார். எழுபத்தொரு ஓட்டுக் கார்கசோனை மருமகள் ரொறன்ரோவுக்குக் கொண்டுபோகிறாள்.

தி க்ரூவைக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. காலையில் நான் தேடியபோது அது பெரியப்பாவின் அலுமாரியில், முந்நூற்று நாலுச் சீட்டுக்கட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. மூடியின் உட்புறத்தில் பென்சிலால் ஒன்றிலிருந்து ஐம்பது வரை எண் போட்டு, பதின்மூன்று வரை வெட்டியிருந்தார். பதின்நான்கின் பக்கத்தில் தபாலதிபரின் கையெழுத்தில் ஒரு குறிப்பு: 'இரண்டு தரம் பிழைத்தது. இன்று பின்னேரம்.'